துவரைக்கு ஊட்டினால் சந்தனம் சாப்பிடும்

பெங்களூரு மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938-ல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1988-ல் இந்தப் பெயரைப் பெற்ற இடம். சந்தனம் வளர்க்க நினைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்து விவசாயிகள் பஸ் ஏறி வந்து விவரம் கேட்கும் வாசல் இது. 2001-ல் கர்நாடகமும் 2002-ல் தமிழ்நாடும் வனச் சட்டத்தைத் திருத்தி, சொந்த நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரருக்கே உரியது என்று ஆக்கிய பிறகு கூட்டம் கூடிவிட்டது. நாற்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. அதற்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எந்த வழியில் போகிறது என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

நானும் கேட்காமல் வாங்கியவன்தான். தளி பக்கம் சித்தப்பாவின் நிலத்தில் நடுவதற்காக 40 நாற்றுகள் வாங்கி, மழை வரும்வரை பெங்களூரு வீட்டு மாடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பையிலும் சந்தனத்தின் அடியில் ஏதோ ஒரு கொடி படர்ந்திருந்தது. களை என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து 40 பைகளிலும் பிடுங்கிப் போட்டேன். மூன்று நான்கு வாரத்தில் இலைகள் வெளுத்தன. சத்து போதவில்லை என்று பைக்கு ஒரு ஸ்பூன் யூரியா போட்டேன். மிஞ்சியவை 9.

சித்தப்பா போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, கூட இருந்த பொன்னாங்கண்ணிய ஏன் புடுங்குன?"

அந்த 31 நாற்றுகள் இன்னும் மனதை உறுத்துகின்றன. கீழே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது. உங்கள் நாற்றுகளாவது பிழைக்க வேண்டும்.

பட்டியலுக்குப் போகும் முன் வேரைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான மரக்கன்றுகள் மண்ணிலிருந்து தழைச்சத்தை இரண்டு வடிவங்களில் எடுக்கின்றன. ஒன்று நைட்ரேட், மற்றது அம்மோனியம். நைட்ரேட்டைக் களிமண் துகள்கள் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். கன்று நீரை உறிஞ்சும்போது வேரை நோக்கி வரும், மழை கொட்டினால் அடியில் இறங்கிவிடும். அம்மோனியம் மண் துகளில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் என்பதால் வேர்தான் அதைத் தேடிப் போகவேண்டும். வேரின் மேல்தோல் செல்களில் இவற்றை உள்ளே கடத்துவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. நைட்ரேட்டை இழுக்கச் செல் தன் ஆற்றலைச் செலவழிக்கிறது. அதனால் மூச்சு முட்டும் வேருக்கு, சுற்றிலும் உரம் கிடந்தாலும் அதை எடுக்கும் சக்தி இருக்காது. இவை தவிர அமினோ அமிலங்களையும் வேர்கள் ஓரளவு நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

சந்தனத்துக்கு இந்த வேலைக்கான கருவிகள் குறைவு. வேர்த்தூவிகள் சொற்பம். அதற்குப் பதிலாக அதன் வேரில் சிறு மணி வடிவத்தில் உறிஞ்சு உறுப்புகள் முளைக்கின்றன. பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டதும் அதைக் கவ்வி, பட்டையைத் துளைத்து, நீர் ஏறும் சைலக் குழாய் வரை போய்ச் சேர்கின்றன. அங்கே ஓடும் சாற்றில் கரைந்திருக்கும் தழைச்சத்து சந்தனத்துக்கு வந்துவிடுகிறது. சர்க்கரையைத் தன் பச்சை இலையிலேயே அது செய்துகொள்ளும். அரை ஒட்டுண்ணி என்று சொல்வது அதனால்தான்.

கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த ஜான் ஸ்காட் இதை 1871-லேயே பதிவு செய்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளர் சி.ஏ.பார்பர் அந்த உறுப்பை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்து விரிவாக எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தியைத் தொடங்கிவைத்த அதே பார்பர்தான்.

செய்யக்கூடாதவை

● பையில் சந்தனத்துடன் இருக்கும் செடியைப் பிடுங்காதீர்கள். பொன்னாங்கண்ணியோ துவரையோ தொட்டாற்சுருங்கியோ, அது நர்சரிக்காரர் வேண்டுமென்றே வைத்த துணைச்செடி. பிடுங்கினால் சந்தனம் ஒரே நாளில் சாகாது, அதுதான் ஆபத்து. சில மாதம் தன் சொந்த வேரை வைத்துச் சமாளிக்கும், வெளுக்கும், வளராமல் நிற்கும். நமக்குக் காரணம் புரிவதற்குள் காலம் கடந்துவிடும். பிடுங்கும்போது கவ்விக்கொண்டிருந்த வேர்களும் சேர்ந்து அறுகின்றன. உயரம் அதிகமாகிவிட்டது என்றால் மேலே வெட்டுங்கள், வேரில் கை வைக்காதீர்கள்.

● வெளுப்பைக் கண்டதும் யூரியா மூட்டையைத் தேடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 5 கிராம், அதில் 2.3 கிராம் தழைச்சத்து இருக்கும். இதே அளவு தழைச்சத்தைத் தொழுஉரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அரைக் கிலோ வேண்டும். அரைக் கிலோ தொழுஉரம் மாதக்கணக்கில் மெல்லக் கொடுப்பதை, இரண்டு லிட்டர் மண்கூட இல்லாத ஒரு பையில் ஒரு ஸ்பூன் யூரியா சில நாட்களில் கொட்டிவிடுகிறது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைக்கும்போது அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி அம்மோனியா வாயு கிளம்பும். இளம் வேர் நுனிகள் அதில் கருகும். சந்தனத்தின் வேர் மட்டும் கருகுவதில்லை, துணைச்செடியின் வேரும் சேர்ந்துதான்.

கருகாமல் தப்பினாலும் இன்னொரு இழப்பு உண்டு. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் துவரை வேர்முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் அந்த முடிச்சுக்காகத்தான் துவரையை வைத்தோம். நாம் போட்ட உரமே அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. உரம் தண்ணீரோடு வடிந்த பிறகு பையில் உரமும் இருக்காது, முடிச்சும் இருக்காது.

● எல்லா மஞ்சளையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். தழைச்சத்து குறைந்தால் முதலில் வெளுப்பது கீழே இருக்கும் முதிர்ந்த இலை. கன்று பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்புகிறது. உச்சித் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பெங்களூருவில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரையே ஊற்றி வளர்க்கும் மாடித் தோட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு யூரியா போடுவது வேறு வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இலைகள் எல்லாம் குட்டிக் குட்டியாகி, கணுக்கள் நெருங்கி, கிளை ஈட்டி போல நிமிர்ந்து நின்றால் அது சத்துக் குறையே இல்லை. ஸ்பைக் நோய். 1899-ல் குடகில் முதலில் கவனிக்கப்பட்டது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புவது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீனிவாசய்யாவும் சகாக்களும் 1920-களின் இறுதியிலிருந்தே இதன் பின்னால் அலைந்தார்கள். அப்படி ஒரு மரத்தைக் கண்டால் உரத்தை மறந்துவிட்டு, அதை மற்றவற்றிடமிருந்து அகற்றுங்கள்.

● தேங்காய் நார்த்தூளை மட்டும் நம்பி நாற்று வளர்க்காதீர்கள். எடை குறைவு, கையாளச் சுலபம், பெங்களூருவில் எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், பையில் இருக்கும் கொஞ்சத்தையும் அவை முதலில் எடுத்துக்கொள்ளும். மரத்தூள் இதைவிட மோசம்.

● தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஈரம் குறையாத மண்ணில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். வேர்முடிச்சு வேலை செய்யாது. சந்தன வேர் அழுகும். பெங்களூருவில் செப்டம்பர், அக்டோபர் மழையில் பையின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

● தைலமரத்தோப்பு ஓரத்தில் நட்டு, அதுவே துணை மரமாகிவிடும் என்று எண்ணாதீர்கள். ஹோஸ்கோட்டே, கோலார் பக்கம் நிறையப் பேர் நிலத்தில் அது ஏற்கெனவே நிற்பதால் இந்த யோசனை வரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நம் சந்தனத்தையே வைத்து 1990-களில் செய்த ஆய்வுகளில், அகேசியா, அகத்தி இனம் போன்ற பயறு வகைத் துணையோடு நன்றாக வளர்ந்த கன்று, யூகலிப்டஸ் துணையோடு மிகவும் பின்தங்கியது. கவ்வ ஒரு வேர் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த வேரில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

● பைகளை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வேர் துளை வழியே தரைக்குள் இறங்கிவிடும். எடுக்கும்போது அறுந்து போவது உணவு எடுக்கும் நுனிவேர்.

செய்ய வேண்டியவை

● முதல் மாதம் அமைதியாக இருங்கள். விதைக்குள் இருக்கும் சேமிப்பே முளைக்குச் சோறு. விதையை ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில், 0.05 சதவீத அளவில், ஓர் இரவு ஊற வைத்து விதைத்தால் சீராக முளைக்கும். நான்கிலிருந்து ஆறு இலை வந்ததும் பைக்கு மாற்றலாம். உறிஞ்சு உறுப்புகள் முளைத்த ஒரு மாத அளவிலேயே உருவாகத் தொடங்கும் என்பதால் துணைச்செடியைத் தள்ளிப்போட வேண்டாம்.

● கலவையில் காற்றோட்டத்துக்கு முதலிடம் கொடுங்கள். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, நன்கு மக்கிய தொழுஉரம் ஒன்று. பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண்ணில் இயல்பாகவே தழைச்சத்தும் மக்கிய பொருளும் குறைவு, அதனால் தொழுஉரப் பங்கைக் குறைக்காதீர்கள். சூடு அடங்காத சாணத்தைச் சேர்க்கவே கூடாது.

● சந்தனத்தைப் பைக்கு மாற்றும் அன்றே அதே பையில் துவரை விதையைப் போடுங்கள். வேர்முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவை விதைக்குப் பூசிவிட்டுப் போடுவது நல்லது. ஆறிய அரிசிக் கஞ்சியில் பாக்கெட் தூளைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தினால் போதும். நம் ஊர்களில் பயறு விதைக்கும் வீடுகளில் இது பழகிய வேலை. பெங்களூருவில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே உயிர் உரம் கிடைக்கும். துவரை முடிச்சு போட மணிச்சத்து தேவை, கலவையில் சிறிதளவு சூப்பர் பாஸ்பேட் சேர்க்கலாம்.

அந்த முடிச்சுக்குள் நடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். நைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்கும் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிக்க, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்றை முடிச்சு செய்துகொள்கிறது. அதனால்தான் உயிருள்ள முடிச்சை நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே பிடித்த நைட்ரஜனைத் துவரை பெரும்பாலும் யூரைடு என்ற சேர்மமாக மாற்றிச் சைலத்தில் மேலே அனுப்புகிறது. வழியில் கவ்விக்கொண்டு நிற்கும் சந்தனம் அந்த ஓட்டத்தில் கை நனைக்கிறது.

வாங்கிய தழைச்சத்தைச் சந்தனம் தன் வழியில் மாற்றிக்கொள்கிறது. 1954-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ராதாகிருஷ்ணனும் கே.வி.கிரியும் சந்தனத்திலிருந்து அலோ ஹைட்ராக்ஸி புரோலின் என்ற அபூர்வமான அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் மாடியில் பையில் நிற்கும் கன்று எப்பேர்ப்பட்ட வேதியியல் தெரிந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

● துவரையை அடிக்கடி வெட்டி விடுங்கள். விட்டால் சந்தனத்தின் தலைக்கு மேல் போய் நிழல் போட்டுவிடும். எப்போதும் சந்தனத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும். ஆனால் மொட்டையாக வெட்டாதீர்கள், இலை இல்லாத துவரைக்குச் சாறு ஓடாது, முடிச்சுக்குச் சர்க்கரை போகாது. வெட்டிய தழையைப் பையிலேயே மண்ணின் மேல் போடுங்கள். வெட்டும்போது வேரிலும் சில முடிச்சுகள் உதிர்ந்து மக்கும், அதுவும் வரவுதான்.

● உரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மெல்லக் கரைவதாகக் கொடுங்கள். ஊற வைத்துத் தெளிய விட்ட வேப்பம் புண்ணாக்குத் தண்ணீர் நல்லது. வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம் தழைச்சத்து உண்டு, நூற்புழுவுக்கும் அது ஆகாது. நாற்றங்காலில் சந்தனத்துக்குப் பெரிய எதிரி நூற்புழு. கர்நாடகத்தில் ஹொங்கே என்று சொல்லும் புங்கையின் புண்ணாக்கும் சுலபமாகக் கிடைக்கும். எதை ஊற்றினாலும் சந்தனத் தண்டின் மேல் ஊற்றாமல் துவரை நிற்கும் பக்கமாக ஊற்றுங்கள்.

● இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள்.

● நிலத்துக்குப் போகும் முன்பே அடுத்த துணையை முடிவு செய்யுங்கள். ஆறிலிருந்து எட்டு மாதத்தில் கன்று ஓர் அடி உயரம் வந்ததும் நடலாம். துவரையோடு சேர்த்தே, மண் உதிராமல், பையைக் கிழித்து நடுங்கள். குழி ஓரத்தில் புதிதாகவும் சில துவரை விதைகளைப் போடுங்கள். துவரையின் ஆயுள் இரண்டு மூன்று வருடம். சந்தனமோ அறுவடைக்கு 15 வருடத்துக்கு மேல் நிற்க வேண்டியது. துவரை காய்ந்து போன பிறகு, "இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்துச்சு" என்று கலங்கி நிற்கும் தோட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிலத்தில் களை எடுத்துச் சுத்தமாக வைத்திருப்பார்கள். கவ்வ ஒரு வேர்கூட இருக்காது.

நீண்ட காலத் துணைக்குச் சவுக்கு நல்லது. 19-ஆம் நூற்றாண்டில் இதே கர்நாடகத்தின் கார்வார் கடற்கரைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த மரம், பிறகு கடலூர், விழுப்புரம் வரை நம்முடையதாகிவிட்டது. பயறு குடும்பம் இல்லை, ஆனால் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரியோடு சேர்ந்து அதுவும் வேர்முடிச்சு போட்டு நைட்ரஜனைப் பிடிக்கிறது. இலை மெலிதானதால் நிழலும் நெருக்காது. புங்கையும் முடிச்சு போடும் மரம். பெங்களூரு சாலையோரத்தில் நின்று உகாதிக்கு முன் தளிர்விடும் அதே மரம். நிழல் அடர்த்தி என்பதால் அதை நடும்போது கூடுதல் இடம் விட்டு, பக்கக் கிளைகளைக் கழித்து வர வேண்டும். முதல் வருடமே இவற்றை நட்டுவிட்டால் துவரை போகும் நேரத்தில் இவற்றின் வேர் எட்டியிருக்கும்.

கொன்றை, குல்மோகர், புளி மூன்றும் காய் பார்க்கப் பயறு போல இருந்தாலும் வேர்முடிச்சு போடாதவை. நிலத்தில் ஏற்கெனவே நின்றால் இருக்கட்டும், தழைச்சத்துக்காகத் தேடி நட வேண்டாம்.

● ஒரு நாற்றைத் தியாகம் செய்து வேரைப் பாருங்கள். நூறு பையில் ஒன்று போனால் பரவாயில்லை. பையை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மண் தானாகக் கரையும்வரை கால் மணி நேரம் காத்திருங்கள். இழுக்கவோ உதறவோ கூடாது. வெளிறிய சந்தன வேர், பழுப்பேறிய துவரை வேர், துவரையில் ஆங்காங்கே உருண்டையாக முடிச்சுகள். ஒன்றைக் கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பா, சாம்பலா, பச்சையா என்று. பிறகு இரண்டு வேர்களும் உரசும் இடங்களில் தேடுங்கள். கடுகளவில், மணியைக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு துவரை வேரின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு பையில் பத்துப் பதினைந்து அப்படி எண்ண முடிந்தால் மீதி 99-ஐயும் தொடாதீர்கள். ஒன்றுமே இல்லை என்றால் அன்று மாலையே எல்லாப் பைகளிலும் புதிதாகத் துவரை ஊன்றுங்கள்.

மிஞ்சிய அந்த 9 கன்றுகளுக்கும் அப்படித்தான் ஊன்றினேன். அவற்றில் 7 இப்போது தளியில் சித்தப்பா நிலத்தில், சவுக்கு வரிசைக்கு நடுவில் நிற்கின்றன.